அம்மாவுக்கு எதுகை கம்மாயில் கிடக்கு

(மதுரையில், பாட்டெழுதப் பழகும் இளைஞர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம். 'அம்மா'வை வைத்துப் பாட்டெழுத உட்கார்ந்தால் 'சும்மா'வைத் தவிர ஒரு எதுகையும் சிக்க மாட்டேங்குது என்று உங்களில் பல பேர் சொன்னீர்கள். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

அந்தச் சொல்லை வரியின் கடைசியில் வைத்துவிட்டுத் தேடுகிறீர்கள், அங்கேதான் சிக்கல். கடைசியில் ஒத்து வருவது இயைபு. சிரித்தாள், அழைத்தாள், அணைத்தாள் என்று இலக்கணமே ஒரே வாலை ஒட்டிக் கொடுத்துவிடுவதால் தமிழில் அது கொட்டிக் கிடக்கிறது, கேட்கிறவருக்கு அதில் ஒரு சிலிர்ப்பும் இல்லை. சொல்லைத் தூக்கி வரியின் தலைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவு ஒத்திருக்க வேண்டும், எதுகை அவ்வளவுதான். 'ஆமா' அம்மாவுக்கு எதுகை ஆகாது. 'கும்மி' ஆகும்.

சரி, எப்படித் தேடுவது? 'ம்ம'வைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஒவ்வொரு குறிலாகப் போட்டுப் பாருங்கள், பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறித் திருமங்கலம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். இம்மை, கம்மல், கும்மி, செம்மண், தும்மல், பொம்மை, விம்மல். அப்புறம் ஏரிக்கு நம்ம ஊர்ப் பேரான கம்மா. 'கண்மாய்' என்று எழுதினால் 'ண்' வந்து எதுகை போய்விடும், வாயில் வருகிற மாதிரி 'கம்மா' என்றே எழுதுங்கள், பாட்டு காதுக்குத்தானே! இத்தனையும் 'அம்மா' போலவே ஒரே அசை அளவு, இலக்கணத்தில் நேர் நேர், தேமா என்பார்கள். மெட்டில் 'தன்னா' என்று விழும் இடத்தில் எதை வைத்தாலும் உட்காரும்.

இந்த வேலைக்கென்றே 1732-இல் ஒரு அகராதிப் பகுதி வந்துவிட்டது. மதுரை மிஷனுக்கு வந்த இத்தாலிக்காரர் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள், அதில் தொடை அகராதி எதுகை தேடுகிறவர்களுக்கு. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வந்த சொற்களில் எது உங்கள் அம்மாவுடையது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கம்மலை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காகக் கம்மல் அடகுக் கடைக்குப் போகாத வீடு நம் பக்கம் குறைவு. காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு அம்மா களையெடுக்கப் போவார். எதுகை தேடப் போனதால்தான் அந்தக் குச்சி பாட்டுக்குள் வருகிறது, 'அன்பு', 'தெய்வம்' என்று யோசித்துக்கொண்டு இருந்தால் வந்தே இருக்காது.

அம்மா காதுல வேப்பங் குச்சி
கம்மல் கெடக்கு அடகுக் கடையில
கம்மா வயல்ல களையெடுக்குறா
சும்மா இருன்னா கேக்க மாட்டா

கம்மா, களை என்று முதல் எழுத்து ஒன்றுகிற மோனையும் தானாக வந்து விழுந்ததைப் பாருங்கள். சலித்துப்போன அந்தச் 'சும்மா'கூட இந்த இடத்தில் அம்மாவோடு மல்லுக்கட்டுகிற பிள்ளையின் குரலாகிவிட்டது.

இப்போது பேப்பரை எடுங்கள். அடுத்த சொல் 'மனசு'. வயசு, கொலுசு இரண்டும் வேண்டாம், சொல்லை வரியின் தலையில் வைத்து 'ன' வரிசை எழுத்துகளைப் பிடியுங்கள்: பனை, சுனை, கனவு, நுனி, தினுசு என்று வரும். நாலு வரி எழுதிக் கொண்டு வாருங்கள், டீ குடித்துவிட்டு ஒவ்வொருத்தராகப் பாடிப் பார்ப்போம்.