கால் சொன்னபடி கேட்ட மோட்டார்

வணக்கம் நேயர்களே.

தையல் மெஷினுக்கு மின்மோட்டார் வந்த வரலாற்றைச் சொல்பவர்கள் மோட்டாரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். இந்த உரையில், காலால் அழுத்தி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபுட் கன்ட்ரோலுக்கும் சம பங்கு உண்டு. மோட்டாரைச் சுழல வைப்பது 1880களிலேயே முடிந்துபோன வேலை. அது தைப்பவரின் கால் சொன்னபடி கேட்க வேண்டும் என்பதற்குத்தான் நெடுங்காலம் பாடுபட வேண்டியிருந்தது.

மின்விசிறியைப் போட்டால் அது தன்பாட்டில் ஓடும். தையல் அப்படியல்ல. சட்டைக் காலரின் முனையில் இரண்டே தையல் போட வேண்டும். ஊசி துணியில் குத்தியபடி நிற்க, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பி, மறுபடி மெல்லத் தொடங்க வேண்டும். அடுத்த நிமிடமே பக்கவாட்டு நீளத் தையலை விரைவாக ஓட்ட வேண்டும். நான்கு மடிப்புத் துணிக்குள் ஊசி நிற்கும்போது தொடங்குவதற்கே பெரிய விசை தேவை. மிதிப்பலகையில் பழகிய கால் இதையெல்லாம் யோசிக்காமல் செய்துவிடும். அந்தக் காலுக்கு ஈடாக ஒரு மோட்டாரைப் பழக்குவதுதான் சவால்.

முதலில் கெட்டிக்காரத்தனமாக விடை சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. கிரிஸ்கம். 1880 வாக்கில் அவர் செய்த மோட்டார் சுமார் 4 அங்குல நீளம், இரண்டரை பவுண்டு எடை. மெஷினின் கைச்சக்கரத்துக்கு அருகிலேயே பொருத்திவிடலாம். வீடுகளில் அப்போது மின்சாரம் இல்லை. ஆகவே ஆறு பைக்ரோமேட் மின்கலங்கள் கொண்ட பெட்டி ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். கந்தக அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கலந்த ஆரஞ்சு நிறக் கரைசலில் துத்தநாகத் தகடும் கரித்தகடும் இறங்கி நிற்கும். ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும்.

இந்தக் கலத்தில் ஒரு பெரிய தொல்லை உண்டு. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கரைசலில் நிற்கிற வரை அமிலம் துத்தநாகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். கிரிஸ்கம் தகடுகளை மிதியோடு இணைத்தார். காலை அழுத்தினால் தகடுகள் கரைசலுக்குள் இறங்கும். இன்னும் அழுத்தினால் இன்னும் அதிகப் பரப்பு நனையும். கலத்தின் உள்தடை குறைந்து மின்னோட்டம் கூடும், மோட்டார் வேகமெடுக்கும். காலை எடுத்தால் தகடுகள் மேலே வந்துவிடும். ஓட்டமும் நிற்கும், அரிப்பும் நிற்கும். வேகக் கட்டுப்பாடும் துத்தநாகச் சிக்கனமும் ஒரே அசைவில் கிடைத்தன. அந்தக் காலத்துத் தையல் மோட்டார்களில் இதைவிட அழகான யோசனை வேறு இல்லை என்பது என் கருத்து.

ஆனால் வீட்டுக்கு அது ஒத்துவரவில்லை. கரைசல் தீரத் தீர ஆரஞ்சு நிறம் கரும்பச்சையாக மாறும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். டைகுரோமேட் நச்சு. தெறித்த அமிலத் துளி தைக்க வைத்திருக்கும் துணியில் ஓட்டை போடும். துத்தநாகத்தை எரித்துப் பெறும் விசை, நிலக்கரி எரித்துப் பெறும் விசையைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். காலுக்கோ செலவே இல்லை.

1881இல் பாரிஸில் நடந்த உலக மின்சாரக் கண்காட்சியில் கம்பி வழியாக மின்சாரம் பெற்றுத் தையல் மெஷின்கள் ஓடின. மறு ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் 110 வோல்ட் நேர்மின்சாரத்தை (டி.சி.) வீதிக்குக் கொண்டுவந்தது. அமிலப் பெட்டிக்கு இனி அவசியமில்லை என்ற நிலை அங்கே தொடங்குகிறது. நியூஜெர்ஸி மாநிலம் எலிசபெத் நகரத்துச் சிங்கர் தொழிற்சாலையில் பிலிப் டீல் என்ற பொறியாளர் தையலுக்கான மோட்டார்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தையல் மோட்டாரைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு இறக்கை மாட்டியதிலிருந்து பிறந்ததுதான் சீலிங் ஃபேன். சிங்கர் கம்பெனி 1889இல் மின்சாரத் தையல் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வீட்டு மெஷினுக்குக் கடைசியில் நிலைத்த மோட்டார் எது, ஏன் என்று பார்ப்போம். அதைச் சீரிஸ் மோட்டார் என்பார்கள். வெளியே அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலும், உள்ளே சுழலும் ஆர்மேச்சரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்னோட்டத்தில் இணைந்திருக்கும். சுழலும்போது மோட்டாருக்குள் எழும் எதிர் வோல்ட்டேஜ் நின்ற நிலையில் இல்லை என்பதால் மின்னோட்டம் அதிகமாகப் பாயும். மின்னோட்டத்தால் காந்தமாகும் அந்த இரண்டும் ஒருசேர வலுவாகும். தொடக்க விசை அபாரமாக இருக்கும். துணிக்குள் நிற்கும் ஊசிக்கு வேண்டியது இதுதான். இன்னொரு வசதியும் உண்டு. மாறுமின்சாரத்தில் (ஏ.சி.) திசை மாறும்போது இரண்டு காந்தங்களும் சேர்ந்தே மாறுவதால் சுழலும் திசை மாறாது. ஒரு தெருவில் நேர்மின்சாரம், அடுத்த தெருவில் மாறுமின்சாரம் என்றிருந்த காலத்தில் இரண்டிலும் ஓடிய இதற்கு 'யுனிவர்சல் மோட்டார்' என்று பெயர் வந்தது பொருத்தமே. ஒரே நிபந்தனை, இரும்புக் கருவைக் கட்டியாக வார்க்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்க வேண்டும். கட்டியாக இருந்தால் மாறுமின்சாரத்தில் உள்ளுக்குள் சுழல்மின்னோட்டம் ஓடி இரும்பு கொதித்துவிடும்.

1910களில் தனி மோட்டார்கள் கடைக்கு வந்தன. ஏற்கெனவே இருக்கும் கால்மெஷினுக்கு அருகே வைத்து, சிறிய ரப்பர் சக்கரம் கைச்சக்கரத்தின் மேல் அழுந்தும்படி மாட்டினால் போதும். அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1918இல் 8 டாலர் 75 சென்ட்டுக்கு விற்ற ஹோம் மோட்டாரில் தையலோடு விசிறி, சாணைக்கல், முட்டை அடிக்கும் கருவி, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் மாட்டிக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரே மோட்டார் என்பது அப்போதைய எண்ணம். சுவரில் பிளக் பாயின்ட் அரிது; பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் இணைப்பார்கள். இந்த ரப்பர் சக்கர ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. தைக்காத நேரத்தில் விலக்கி வைக்காவிட்டால் ரப்பர் அழுந்திய இடம் தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 'டக் டக்' என்று அடிக்கும், தையல் நீளமும் சீராக வராது.

1920இல் வந்த சிங்கர் 101 மோட்டாரையும் மெஷினையும் ஒரே உடலாக்கியது. பின்னால் வந்த 15-91, 201-2 மாடல்களில் பெல்ட்டே இல்லை. மோட்டார் தண்டிலுள்ள, திருகு போன்ற எஃகு வார்ம், துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய பல்சக்கரத்தை நேரே சுழற்றும். 1933இல் வந்த 221, மோட்டாரோடு சேர்த்து 11 பவுண்டுதான். பெட்டியில் போட்டுத் தூக்கிச் செல்லலாம்.

இனி ஃபுட் கன்ட்ரோல். பழைய சிங்கர் கன்ட்ரோலைத் திறந்தால் பீங்கான் கட்டி ஒன்றில் இரண்டு குழிகள், அவற்றில் காசு அடுக்கியதுபோல் மெல்லிய கரி வட்டுகள் இருக்கும். மேலே அழுத்தம் இல்லாதபோது சுற்று திறந்தே இருக்கும். மெல்ல அழுத்தினால் வட்டுகள் லேசாகத் தொட்டுக்கொள்ளும். தடை அதிகம், மோட்டார் ஊர்ந்து நகரும். அழுத்தம் கூடக்கூட வட்டுகள் நெருங்கித் தடை குறையும். முழுதும் அழுத்தினால் ஒரு உலோகத் தொடுமுனை கரியை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துவிடும். படிப்படியாகத் தாவும் கம்பிச் சுருள் கன்ட்ரோலைவிட இது வழுவழுப்பாக வேகம் கூட்டும்.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. பழைய மெஷினில் தைக்கும் எல்லோரும் அனுபவிப்பது. மெதுவாக ஓட்டும்போது தடித்த ஜீன்ஸ் மடிப்பு வருகிறது. மோட்டார் திணறி அதிக மின்னோட்டம் கேட்கிறது. மின்னோட்டம் கூடியதும் கரித்தடையில் விழும் வோல்ட்டேஜும் கூடுகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது குறைகிறது. பலம் வேண்டிய நேரத்தில் பலம் போய்விடுகிறது. நீங்கள் மேலும் அழுத்துகிறீர்கள். ஊசி மடிப்பைத் தாண்டியதும் மெஷின் பாய்கிறது. இது மோட்டாரின் பழுதல்ல, சுற்று அமைப்பின் இயல்பு. அத்தகைய இடத்தில் காலை லேசாக அழுத்தியபடி கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் உருட்டித் தாண்டிவிட வேண்டும்.

குறைந்த வேகத்தில் மீதி மின்சாரம் எங்கே போகிறது? கரியில் வெப்பமாக. ஆகவே தொடர்ந்து அரை அழுத்தத்தில் தைத்தால் கன்ட்ரோல் சுடும். அதைக் கம்பளத்தின் மேலோ துணிக் குவியல் மேலோ வைக்கக் கூடாது. கரி தேய்ந்துவிட்டால் மெல்லிய வேகமே கிடைக்காது. நின்றதிலிருந்து நேரே முழு வேகத்துக்குத் தாவும். வட்டுகளைச் சேர்த்தோ முனையில் பித்தளை வாஷர் வைத்தோ இடைவெளியைச் சரிசெய்யலாம். அளவுக்கு மீறிச் சேர்த்தால் கால் வைக்காமலே மோட்டார் உறுமும்.

நம் வீடுகளில் பரணில் இருக்கும் பழைய மோட்டாரை மறுபடி ஓட்ட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் பெயர்த்தகடு. 110 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் மாட்டவே கூடாது. 0.7 ஆம்பியர் மோட்டார் 77 வாட் எடுக்கும். விளக்குக்கு 15 வாட். வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் 200 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். பழைய மெஷின்களுக்கு எர்த் கம்பி கிடையாது என்பதால் இரண்டு சுருளும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஒயர். அந்தக் கால ரப்பர் உறை வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். மோட்டாருக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். அதை மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போதும் நேரடியாக வேண்டாம். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் சுழன்றால் நல்லது. பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து மோட்டார் அசையாவிட்டால் உள்ளே ஷார்ட், அல்லது தண்டு இறுகியிருக்கிறது. பல்பே எரியாவிட்டால் பெரும்பாலும், சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் கூட்டில் சிக்கித் தொடாமல் நிற்கும்.

பிரஷைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் நுனி, ஆர்மேச்சர் தண்டிலுள்ள செப்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் ஓரம் மட்டும் தொட்டுப் பொறி பறக்கும். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். கம்யூட்டேட்டர் காபி நிறத்தில் பளபளப்பாக இருந்தால் தொடவே வேண்டாம், அதுதான் ஆரோக்கியம். கறுத்திருந்தால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். செப்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள கரித்தூளை மரக்குச்சியால் கீறி எடுங்கள். எமரித் தாள் கூடாது. அதன் துகள் பட்டைகளுக்கிடையே ஒட்டி மின்சாரத்தைக் கடத்தும்.

மோட்டாரைக் கெடுப்பதில் தையல் எண்ணெய்க்கு முதலிடம். கிரீஸ் குழாய் உள்ள மோட்டாரில் மெல்லிய சூட்டில் உருகித் திரி வழியே இறங்கும் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். எண்ணெய் விட்டால் அது தண்டு வழியே கம்யூட்டேட்டருக்குப் போய்க் கரித்தூளோடு குழம்பாகிப் பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். சைக்கிள் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸும் பயனில்லை. அது உருகி இறங்காது, தண்டு காய்ந்தே ஓடும். எண்ணெய்த் துளை உள்ள மோட்டாருக்கு ஒரே ஒரு துளி போதும். பெல்ட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதைவிட இறுகினால் தண்டைத் தாங்கும் புஷ் தேயும், மோட்டார் சுடும்.

பழுதுபார்த்தபின் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல்கிறதா? பிளக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது. காரணம் முன்பே சொன்னேன். ஃபீல்டு, ஆர்மேச்சர் இரண்டில் ஒன்றின் முனைகளை மட்டும் மாற்றி இணைக்க வேண்டும்.

வானொலி கேட்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று. பக்கத்தில் தையல் மோட்டார் ஓடினால் ரேடியோவில் 'கரகர' வரும். பிரஷில் எழும் பொறிதான் அது. அதைத் தணிக்கச் சில கன்ட்ரோல்களில் தொடுமுனைகளுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சர் வைத்தார்கள். பழைய காகிதக் கண்டென்சர் ஈரம் ஏறி ஷார்ட் ஆகிவிட்டால் கால் வைக்காமலே மெஷின் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். ஊசிக்கு நூல் கோக்கும் நேரத்தில் அது நடந்தால் விரல் போய்விடும். பழைய கண்டென்சரைத் தயங்காமல் மாற்றுங்கள்; மின்வழியில் நேரடியாக இணைப்பதற்கென்று எக்ஸ்2 என்ற குறியோடு விற்பதையே கேட்டு வாங்குங்கள். நூல் கோக்கும்போதும் ஊசி மாற்றும்போதும் பிளக்கைக் கழற்றி வையுங்கள். வணக்கம்.