கூரையில் ஒரு நட்சத்திரம்: நியூயார்க்கின் இத்திஷ் நாடக அரங்கத்தின் கதை

[காட்சி: மாலை வெளிச்சம். மன்ஹாட்டன், இரண்டாம் அவென்யூவும் 12ஆம் தெருவும் சந்திக்கும் மூலை.]

நியூயார்க் நகரத்தில், இந்த மூலையில், ஏழு திரைகள் கொண்ட ஒரு சினிமா தியேட்டர் இருக்கிறது. பெயர் வில்லேஜ் ஈஸ்ட். வெளியே புதுப் படங்களின் போஸ்டர்கள், உள்ளே பாப்கார்ன் வாசனை. ஆனால் அதன் முதல் அரங்கத்துக்குள் நுழைந்தவர்கள் திரையைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

[காட்சி: கேமரா மெல்ல மேலே உயர்கிறது. விதானம்.]

சதுரமான விதானத்தின் நடுவே ஆழமில்லாத ஒரு வட்டக் குவிமாடம். சுற்றிலும் தேன்கூட்டைப் போலச் சிறுசிறு அறைகளாகச் செதுக்கிய சுதை வேலைப்பாடு. நடுவில் தொங்கும் விளக்குக் கொத்தைச் சுற்றி ஆறு முனை நட்சத்திரம் ஒன்று விரிந்திருக்கிறது. யூதர்களின் தாவீது நட்சத்திரம். சினிமா தியேட்டரின் கூரைக்கு இது எப்படி வந்தது?

[காட்சி: பழைய புகைப்படங்கள். கப்பல்கள், நெரிசலான தெருக்கள்.]

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி இத்திஷ். ஜெர்மன் மொழிக்கு உறவு. எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. 1876இல் ருமேனியாவின் யாஷ் நகரத்தில் ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் என்ற கவிஞர் தொழில்முறை இத்திஷ் நாடகத்தைத் தொடங்கினார். 1883இல் ரஷ்யப் பேரரசு அந்த நாடகங்களுக்குத் தடை போட்டது. அதே காலத்தில் யூதர்கள்மீது கலவரங்களும் வறுமையும் சேர்ந்து அழுத்தின. 1881க்கும் 1924க்கும் இடையே இருபது லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களோடு நாடகமும் வந்து இறங்கியது.

பகலெல்லாம் தையல் பட்டறையில் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு, இரவில் கையிலிருக்கும் சில்லறையைக் கொடுத்து நாடகம் பார்த்தார்கள். அந்த அரங்குகள் பிழைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வார நாட்களில் ஒரு காட்சி முழுவதையும் ஏதாவது ஒரு தொழிற்சங்கமோ ஊர்ச்சங்கமோ மொத்தமாக வாங்கிவிடும். ஊர்ச்சங்கம் என்றால், போலந்திலோ உக்ரைனிலோ ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம். டிக்கெட்டுகளை உறுப்பினர்களுக்கு விற்று, மிஞ்சும் பணத்தைச் சங்க நிதியில் சேர்ப்பார்கள். ஆகவே நாடகத்துக்குப் போவது ஊர்க்காரர்களைப் பார்க்கப் போவதும்கூட. அரங்கு நிறைவது டிக்கெட் ஜன்னலில் வரும் முகம் தெரியாத கூட்டத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை.

[காட்சி: மோரிஸ் சுவார்ட்ஸின் புகைப்படம்.]

நடிகர் மோரிஸ் சுவார்ட்ஸுக்கு அரங்கு நிறைவது மட்டும் போதவில்லை. மலிவான அழுகையும் பாட்டும் நிறைந்த நாடகங்களை இத்திஷில் 'ஷுண்ட்' என்பார்கள். குப்பை என்று பொருள். நல்ல இலக்கியம் மேடை ஏற வேண்டும் என்று 1918இல் அவர் ஒரு குழுவைத் தொடங்கினார். அதுவே இத்திஷ் ஆர்ட் தியேட்டர். அவருடைய கலையில் மனம் பறிகொடுத்த லூயிஸ் ஜாஃபி என்ற புரூக்ளின் வழக்கறிஞர், அந்தக் குழுவுக்கென்றே இந்த அரங்கத்தைக் கட்டினார். வடிவமைத்தவர் ஹாரிசன் வைஸ்மன். முஸ்லிம்கள் ஆண்ட கால ஸ்பெயினின் மூரிஷ் பாணி வளைவுகளை அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூதர்கள் தங்கள் தொழுகைக்கூடங்கள் பலவற்றை அதே பாணியில்தான் எழுப்பினார்கள். வாசலைக் கண்டதுமே, இது நம்முடைய இடம் என்று பார்வையாளருக்குத் தோன்றியிருக்கும்.

1926 நவம்பர் 17 அன்று கோல்ட்ஃபாடனின் 'பத்தாவது கட்டளை' நாடகத்தோடு திரை விலகியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள்.

இந்த ஆண்டைச் சற்று நின்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1924இல், அமெரிக்கா ஒரு புதிய குடியேற்றச் சட்டத்தை இயற்றிக் கிழக்கு ஐரோப்பியர்களுக்கு வாசலை ஏறக்குறைய அடைத்துவிட்டது. இத்திஷ் மட்டுமே தெரிந்த புதிய பார்வையாளர்கள் இனிக் கப்பலில் வரப்போவதில்லை. வந்தவர்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் பேசி வளர்ந்துகொண்டிருந்தார்கள். ஊற்று அடைபட்ட பிறகு வெட்டிய குளம் இந்த அரங்கம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அப்படியும் அது வாழ்ந்தது. 1932இல் ஐ. ஜே. சிங்கரின் நாவலை ஒட்டி இங்கே மேடையேறிய 'யோஷே கல்ப்' சுவார்ட்ஸின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. எதிர்ப்புறம் இருந்த கஃபே ராயலில் நடிகர்களும் எழுத்தாளர்களும் கூடி இரவெல்லாம் வாதாடினார்கள். சுவார்ட்ஸின் குழு இங்கே நிலையாகத் தங்கவில்லை. வேறு குழுக்கள் வந்தன, அரங்கின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1940களின் நடுவில் இத்திஷ் குரல் இங்கே ஓய்ந்தது. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் இத்திஷ் பேசியவர்கள்.

[காட்சி: அடுத்தடுத்து மாறும் பெயர்ப்பலகைகள்.]

பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1953 முதல் ஃபீனிக்ஸ் தியேட்டர் என்ற ஆங்கில நாடகக் குழு. அதன்பின் கவர்ச்சி நடன அரங்கம். 1969இல் 'ஈடன்' என்ற பெயர். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஆண்டுக்கணக்கில் ஓடிய 'கிரீஸ்' இசை நாடகம் 1972 பிப்ரவரியில் முதலில் திறந்தது இந்த ஈடனில்தான். 1991இல் கட்டடம் சினிமா தியேட்டராக மாறியது. கீழ்த்தளத்தைத் தடுத்துச் சிறு அரங்குகள் ஆக்கினார்கள். குவிமாடத்தின் கீழே இருந்த பால்கனியை மட்டும் பெரிதாகச் சிதைக்காமல் முதல் அரங்கமாக வைத்துக்கொண்டார்கள்.

1993இல் நகரத்தின் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையம் கட்டடத்தின் முகப்பை மட்டுமின்றி உட்புறத்தையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. இனி ஆணையத்தின் அனுமதியின்றி அந்த விதானத்தில் யாரும் கைவைக்க முடியாது.

[காட்சி: விதானம், மங்கலான விளக்கொளியில்.]

நியூயார்க் போகிறவர்கள், எந்தப் படம் ஓடினாலும் சரி, முதல் அரங்கத்துக்கு டிக்கெட் கேட்டு வாங்குங்கள். விளக்கு அணைவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் உட்காருங்கள்.