விளக்கு வரிசை தவணை கட்டாது

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம். ஒரே ஒரு லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு ஏற்றது அலங்கார வண்டியா, எளிய வண்டியா என்ற கேள்விக்கு, எளிய வண்டியே என்று வாதாட வந்திருக்கிறேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் பாடி கட்டுபவர்களின் கைத்திறனை எங்கள் அணியில் எவரும் குறைத்துப் பேசவில்லை. குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் முகப்பில் எழுதுவதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. கேபின் தலையில் ஏற்றும் பெரிய பலகை, கனத்த எஃகு பம்பர், இரு பக்கமும் மின்னும் எல்இடி வரிசை, வரிசையாக ஏர் ஹாரன்கள் ஆகியவற்றைக் கடன் வாங்கிப் பூட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

எதிரணி நண்பர் அலங்காரத்துக்கு ஆகும் தொகை ஒருமுறைச் செலவுதான் என்றார். அது ஒருமுறையோடு முடிகிற செலவே அன்று. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரிக்கு அனுமதிக்கப்படும் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. அந்த மொத்த எடைக்குள் வண்டியின் காலி எடையும் அடங்கும். ஆகவே பட்டறையில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோ இரும்பும், வாடகை தரும் சரக்கில் ஒரு கிலோவைக் கீழே இறக்கிவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. சிமென்ட், இரும்பு போன்ற சரக்குக்கு டன் கணக்கில்தானே வாடகை பேசுகிறோம்? டன்னுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 200 கிலோ அலங்காரம் நடைக்கு 400 ரூபாயைத் தின்கிறது. வண்டி இருக்கும்வரை தின்கிறது. சரக்கைக் குறைக்காமலே ஓட்டினாலோ எடை மேடையில் அகப்பட நேரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு மிகை எடைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

அடுத்து டீசல். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,500 லிட்டர் செலவாகும். தலைக்கு மேல் நிற்கும் பலகை காற்றை முட்டித் தடுப்பதால் அது 3.9 ஆகக் குறைந்தால் போதும், கூடுதலாக 64 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டாலும் மாதத்துக்கு ஏறத்தாழ 5,900 ரூபாய். தவணை கட்ட ஒரு வாரம் தாமதித்தாலே ஃபைனான்ஸ் ஆபீஸிலிருந்து போன் வரும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று.

அமெரிக்காவில் சொந்த லாரி ஓட்டுபவர்கள் நீண்ட மூக்கும் குரோமியப் பளபளப்பும் கொண்ட பீட்டர்பில்ட் வண்டிகளைத்தானே கொண்டாடுகிறார்கள் என்று நண்பர் கேட்டார். கொண்டாடுகிறார்கள், உண்மைதான். அதே அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு கென்வொர்த் நிறுவனம் காற்றைக் கிழித்துச் செல்லும்படி மூக்கைச் சரித்து டி600 என்ற வண்டியை இறக்கியபோது, அதை எறும்புதின்னி என்று கேலி செய்தார்கள். ஆனால் தன்னுடைய பழைய நீள்மூக்கு வண்டியைவிட 22 சதவீதம் எரிபொருள் மிச்சமாகும் என்று நிறுவனம் சொன்னது. இன்று அங்கே நெடுந்தூரச் சாலைகளில் பெரும்பான்மையாக ஓடுவது அந்தச் சரிந்த மூக்கின் வழிவந்த வண்டிகள்தாம்.

பணத்தை விட்டு உயிருக்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது இதுவே. டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே பாருங்கள்: தொழிற்சாலையில் கட்டிய வயர்க்கட்டின் தோலைப் பிளேடால் சீவி, ஃபியூஸ்கூட இல்லாமல், இன்சுலேஷன் டேப் சுற்றி இழுத்த விளக்கு வயர்கள் அங்கே தொங்கும். வெயிலில் அந்த டேப் இளகும்; அதிர்வில் வயர் உரசும்; கேபினில் தீப்பற்ற அது ஒன்றே போதும். 2020 ஏப்ரலுக்குப் பின், பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் என்ஜினையும் புகை சுத்திகரிப்பையும் கணினியும் சென்சார்களும் ஆள்வதால், வயரிங்கில் கைவைத்தால் பழுது எங்கே போய் முடியும் என்று மெக்கானிக்காலும் சொல்ல முடிவதில்லை. ஏர் ஹாரனோ லாரியின் பிரேக்குக்கு வேண்டிய காற்றிலேயே பங்கு கேட்கிறது. அரைகுறையாகப் போட்ட இணைப்பு கசிந்து காற்றழுத்தம் குறைந்த வண்டியில், முழு லோடோடு தொப்பூர் கணவாயில் இறங்குபவரின் மனைவியிடம் போய் எந்த அழகைப் பற்றி நாம் பேசுவது? பல சுருதியில் ஒலிக்கும் ஹாரனை மோட்டார் வாகன விதிகளும் அனுமதிக்கவில்லை என்பதால், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் கழற்றிப் பிறகு மாட்டும் கூலி வேறு.

அழகான வண்டிக்குத்தான் முதல் லோடு கிடைக்கும் என்பது அவர்களுடைய பெரிய வாதம். புக்கிங் ஆபீஸில் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரியாதவையா? எத்தனை டன் தாங்கும், தார்ப்பாய் ஒழுகுமா, பெர்மிட்டும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கின்றனவா, எப்போது போய்ச் சேரும் என்பவைதாம் அவை. பழைய வண்டி வாங்க வருபவரும் முதலில் குனிந்து பார்ப்பது டயரையும் சேஸியையும்தான்.

ஐம்பது லாரி வைத்திருப்பவர் ஒரு வண்டி நின்றால் மற்றவற்றை வைத்துச் சமாளிப்பார். ஒற்றை லாரிக்காரருக்கு வண்டி நின்றால் வீடே நிற்கும். அதற்காக அவர் தமக்கென்று எதுவுமே செய்துகொள்ளக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று அரசே விதித்துவிட்டது. அதற்கு முந்தைய வண்டியை ஓட்டுபவர், விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் முதுகைத் தாங்கும் இருக்கையும், கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு மெத்தையும், நான்கு புது டயர்களும் வாங்கட்டும். இவற்றை ஒதுக்கிவிட்டு விளக்கு வரிசையை முதலில் வாங்க வேண்டியதற்கு ஒரு காரணத்தையாவது எதிரணியினர் சொல்லட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.