ஓக்லஹோமா: பூர்வகுடிகளுக்கு எழுதிக் கொடுத்த நிலம்

[திரையில்: அமெரிக்க வரைபடம். டெக்சாஸுக்கு மேலே ஒரு மாநிலம் மட்டும் நிறம் மாறுகிறது.]

வணக்கம். டெக்சாஸின் தலைமேல் கைப்பிடி வைத்த வாணலி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் ஓக்லஹோமா. பெயர் சாக்டா மொழியிலிருந்து வந்தது. 'ஓக்லா' என்றால் மக்கள், 'ஹும்மா' என்றால் சிவப்பு. 1866-இல் ஆலன் ரைட் என்ற சாக்டா தலைவர் சொன்ன பெயர் இது. பூர்வகுடிகளின் நாடு என்றே பெயர் வாங்கிய மண், அவர்கள் கையை விட்டு எப்படிப் போனது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1830-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பூர்வகுடிகளை அகற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, ஃபுளோரிடா பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செரோக்கி, சாக்டா, சிக்கசா, மஸ்கோகி, செமினோல் மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போயாக வேண்டும். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. அவர்கள் நிலம் பருத்திக்கு ஏற்ற நிலம். ஜார்ஜியாவில் தங்கமும் கிடைத்துவிட்டது. மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவில், கொடுக்கும் நிலம் உங்களுக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஒப்பந்தங்களை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

1838-இல் செரோக்கிகளை ராணுவம் வீடு வீடாகப் பிடித்து முகாம்களில் அடைத்தது. பெரும்பாலானவர்கள் குளிர்காலத்தில் நடந்தே மேற்கே போனார்கள். சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் முகாமிலும் வழியிலும் இறந்தார்கள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்த வழிக்குக் கண்ணீர்ப் பாதை என்று பெயர்.

[திரையில்: செரோக்கி எழுத்துப் பட்டியல், மெதுவாக நெருங்கி.]

இங்கே கொஞ்சம் நிற்போம். செக்வோயா என்று ஒரு செரோக்கி தட்டார் இருந்தார். வெள்ளி வேலை செய்பவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் தாளில் பேச்சை அடைத்து வைக்கிறார்கள், நம் மொழியிலும் முடியும் என்று பல வருடம் பாடுபட்டு, 1821 வாக்கில் ஒரு முழு எழுத்து முறையை உருவாக்கிவிட்டார். எண்பத்தைந்து சொச்சம் எழுத்துகள். நம் உயிர்மெய் மாதிரி ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. ஆனால் கொம்பும் காலும் சேர்ப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். 1828-இலேயே அந்த எழுத்தில் செய்தித்தாள் வந்தது. செக்வோயா அதற்கும் முன்பே மேற்கே குடிபெயர்ந்தவர். அவர் கட்டிய மர வீடு ஓக்லஹோமாவில் சாலிசா ஊர்ப்பக்கம் இன்றும் இருக்கிறது. செரோக்கிகளின் தலைநகரான தாலிக்வாவில் தெருப் பலகைகளில் ஆங்கிலத்தோடு அந்த எழுத்தும் உண்டு.

துரத்திவிடப்பட்ட இடத்தில் இவர்கள் முடங்கிக் கிடக்கவில்லை. நீதிமன்றம் வைத்தார்கள், சட்டம் எழுதினார்கள். 1851-இல் செரோக்கி அரசு பெண்களுக்கென்றே உயர்கல்விக்கூடம் திறந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த இனங்களில் வசதியானவர்கள் கறுப்பின அடிமைகளையும் கூடவே கூட்டி வந்தார்கள். உள்நாட்டுப் போரில் பலர் அடிமைமுறைக்காகப் போரிட்ட தெற்கு மாநிலங்களோடு சேர்ந்ததைக் காட்டித்தான் 1866-இல் அமெரிக்க அரசு ஒப்பந்தங்களைத் திருத்தி, நிலத்தின் மேற்குப் பகுதியை வாங்கிக்கொண்டது.

[திரையில்: கோட்டுக்கு இந்தப் பக்கம் குதிரைகள், வண்டிகள். அந்தப் பக்கம் வெறும் புல்வெளி.]

1889, ஏப்ரல் 22. நடுப்பகல். யாருக்கும் ஒதுக்கவில்லை என்று அரசு அறிவித்த சுமார் 20 லட்சம் ஏக்கர். எல்லையில் ஏறத்தாழ 50,000 பேர் காத்திருக்கிறார்கள். மணி பன்னிரண்டு அடித்ததும் வெடிச் சத்தம். அவ்வளவுதான், குதிரையில், வண்டியில், ரயிலில், ஓட்டமாய் ஓடி எல்லோரும் உள்ளே பாய்கிறார்கள். யார் முதலில் முளைக்குச்சி அடிக்கிறாரோ அவருக்கு 160 ஏக்கர். காலையில் ரயில் நிலையமும் சில கட்டடங்களும் மட்டும் இருந்த கத்ரியில் இரவுக்குள் 10,000 பேர் கூடாரம் போட்டுவிட்டார்கள். முந்தின இரவே திருட்டுத்தனமாக நுழைந்து ஒளிந்திருந்தவர்களுக்கு 'சூனர்' என்று பெயர், முந்திக்கொண்டவர் என்று அர்த்தம். இன்று அதுவே மாநிலத்தின் செல்லப்பெயர்.

படம் எடுக்க இந்த ஓட்டம்தான் நன்றாக இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், பூர்வகுடிகளின் நிலத்தைத் தின்றது பட்டா. அவர்கள் நிலம் இனத்துக்கே பொது, யாரும் தனியாக விற்க முடியாது. 1887-இன் டாஸ் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அதைத் துண்டு போட்டு ஆளுக்கொரு பட்டா கொடுத்தன. பட்டா வந்தால் விற்கலாம், அடமானம் வைக்கலாம், ஏமாற்றியும் எழுதி வாங்கலாம். எண்ணெய் கிடைத்ததும் இன்னும் மோசம். பூர்வகுடிப் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் வைத்த காப்பாளர்களே அதைச் சுருட்டினார்கள்.

1905-இல் கடைசி முயற்சி. செக்வோயா என்ற பெயரில் எங்களுக்குத் தனி மாநிலம் கொடுங்கள் என்று அரசியலமைப்பே எழுதி அனுப்பினார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 1907 நவம்பர் 16-இல் இரண்டு பிரதேசங்களையும் சேர்த்து 46-ஆவது மாநிலம் பிறந்தது. அன்று கத்ரியில் ஒரு கல்யாண நாடகம் நடத்தினார்கள். மாப்பிள்ளை குடியேறிகளின் ஓக்லஹோமா பிரதேசம், மணப்பெண் பூர்வகுடிகளின் 'இந்தியப் பிரதேசம்'. பெண் வீட்டார் கேட்டதோ வேறு!

புது மாநில செனட்டின் முதல் மசோதாவே கறுப்பினத்தவருக்கு ரயிலில் தனிப் பெட்டி என்பது. அப்புறம் 1921, டல்சா. கறுப்பின வியாபாரிகளும் டாக்டர்களும் உழைத்து உருவாக்கிய கிரீன்வுட் பகுதிக்குள் மே 31 இரவு வெள்ளையர் கூட்டம் ஒன்று புகுந்தது. மறுநாளுக்குள் 35 தெருக்கட்டுகள் சாம்பல். ஆயிரத்துக்கு மேல் வீடுகள் எரிந்தன. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஒருவருக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அந்த மௌனம்தான் இன்னும் ஆறவில்லை.

1930-களில் மழை பொய்த்தது. புல்வேரைப் பிடுங்கி உழுத மண் புழுதிப் புயலாக எழுந்தது. ஓட்டம் ஓடி நிலம் பிடித்தவர்களின் பிள்ளைகள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா போனார்கள்.

[திரையில்: உச்ச நீதிமன்றத்தின் படிக்கட்டுகள்.]

சரி, அந்த ஒப்பந்தங்களுக்கு வருவோம். 2020 ஜூலை 9. மெக்கர்ட் வழக்கு. மஸ்கோகிகளுக்குக் கொடுத்த பகுதியை ரத்து செய்ய காங்கிரஸ் ஒருபோதும் சட்டம் போடவில்லை, ஆகவே குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை அது இன்றும் பூர்வகுடி நிலமே என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. டல்சாவின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. நீதிபதி கோர்சச் எழுதிய முதல் வரி: "கண்ணீர்ப் பாதையின் மறுமுனையில் ஒரு வாக்குறுதி இருந்தது."

யாருடைய வீட்டுப் பத்திரமும் இதனால் மாறவில்லை. அங்கே பூர்வகுடி ஒருவர் மேல் குற்றம் சாட்டினால் அந்த வழக்கை மாநில அரசு விசாரிக்க முடியாது, மத்திய அரசும் பூர்வகுடி நீதிமன்றமும்தான் விசாரிக்கலாம் என்பதே அதன் பொருள். செரோக்கி, சாக்டா, சிக்கசா, செமினோல் நிலங்களுக்கும் இது பொருந்தும் என்று அடுத்த ஆண்டே மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2022-இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் பின்வாங்கி, பூர்வகுடிகளுக்கு எதிராக மற்றவர்கள் செய்யும் குற்றங்களை மாநில அரசும் விசாரிக்கலாம் என்றது.