வெருட்சியும் விறைப்பும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

விளைந்த வயலுக்குள் யானை இறங்கிவிட்டால், வன்னியில் இரவெல்லாம் வெடிச்சத்தம்தான். அதற்கு எந்தக் குழந்தையும் துணுக்குற்றுக் கைகளை விரித்து வீரிட்டழுது, பிறகு தாயின் தோளில் அடங்கிவிடும். ஆனால் கதவு சாத்தும் சத்தத்துக்கே, ஏன், மூக்கு நுனியில் விரல் பட்டாலே, உடம்பு கட்டைபோல் விறைத்து, சில வேளை மூச்சும் அடைபட்டுப்போகும் குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கின்றன. வெருண்டுவிட்டது என்று நூல் கட்டுவிப்பது நம் வழக்கம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, கட்டிய கையோடு வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்லுங்கள்.

1958இல் ஒரு குடும்பத்தாரிடம் கண்டு விவரிக்கப்பட்ட இந்நோயை மருத்துவர்கள் ஹைப்பரெக்பிளெக்சியா என்பார்கள். மிகைத் திடுக்கீடு எனலாம். இதை விளங்கிக்கொள்ள நம் காட்டிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. எட்டி என்றும் காஞ்சிரை என்றும் நாம் சொல்லும் மரத்தின் விதையிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு உட்சென்றவர், சிறு சத்தத்துக்கும் விறைத்து வில்லாய் வளைவார். முதுகுத்தண்டிலும் மூளைத்தண்டிலும் நரம்புகளை அடக்கிவைக்கும் கிளைசின் என்ற பொருள், நரம்பில் தனக்குரிய பொருந்துமிடமான ஏற்பியில் பொருந்தாதபடி அந்நஞ்சு தடுத்துவிடுவதே காரணம். இக்குழந்தைகளில் பலருக்கு அந்த ஏற்பியே பிறவியில் பழுதுபட்டிருக்கிறது; அதற்குரிய மரபணுக்களில் முதலாவது 1993இல் கண்டறியப்பட்டது. மூக்கணாங்கயிறு அறுந்த மாட்டின் நிலைதான் அந்த நரம்புகளுக்கு.

வலிப்பு என்று பலர் தவறாக எண்ணுவதுண்டு. நான் பார்த்த சிறுவனின் நெற்றியில் பழைய தழும்பின்மேல் புதிய காயம் இருந்தது. விழும்போது கையை ஊன்ற முடியாமல் அடியற்ற மரம்போல் சாய்ந்திருக்கிறான். ஆனால் மணி அடித்தது, விழுந்தேன், ரீச்சர் ஓடிவந்தா என்று ஒன்றும் விடாமல் சொன்னான். நினைவு தப்பவில்லை என்பதே இங்கு பெரிய தடயம். போரைக் கண்டு இன்றும் சத்தத்துக்கு வெருளும் பெரியவர்களின் துன்பம் வேறு. அதற்கான உதவியும் வேறு.

மூக்கைத் திரும்பத் திரும்ப மெல்லத் தட்டினால் மற்றக் குழந்தைகள் பழகிவிடும். இக்குழந்தைகள் ஒவ்வொரு தட்டலுக்கும் திடுக்கிடும். பெரும்பாலும் குளோனசிபாம் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. அதை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது. மூச்சடைத்து விறைக்கும் வேளையில் குழந்தையின் தலையையும் கால்களையும் வயிற்றை நோக்கி மடக்கினால் விறைப்புத் தளரும் என்று 1989இல் இத்தாலிய மருத்துவர் விஜெவானோ எழுதினார். அதைத் தாய் மட்டுமல்ல, பகலில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மம்மாவும் வைத்தியரிடம் நேரில் செய்துபார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.