ஃபோகல், ஃபவுல்: ஒரு பறவைச் சொல்லின் கதை

அவையோருக்கு வணக்கம்.

"ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப் பாருங்கள்" என்ற மத்தேயு நற்செய்தி வசனத்தைத் தமிழ் வேதாகமத்தில் படித்திருப்பீர்கள். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் உல்ஃபிலா பெயரால் வழங்கும், இன்று அழிந்துபோன கோத்திக் மொழியில் செய்த மொழிபெயர்ப்பில், இந்தப் பட்சிக்கு 'ஃபுக்ல்ஸ்' என்ற சொல் வருகிறது. 1522இல் மார்ட்டின் லூத்தர் தந்த ஜெர்மனில் அது 'ஃபோகல்'. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் 'ஃபவுல்'. மூன்றும் ஒரே சொல்தான். டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு.

சரி, மூலம் எது? இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய ஜெர்மானிய மொழியில் இருந்த, எழுத்தில் கிடைக்காத வடிவத்தை 'ஃபுக்லஸ்' என்று அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பறத்தலைக் குறிக்கும் ஜெர்மானிய வேர் 'ஃப்ளுக்' என்று தொடங்கும். அப்படியானால் முதலில் 'ஃப்ளுக்லஸ்' என்று இருந்து, முன்னால் நின்ற லகரம் விழுந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஒரே சொல்லில் ஒரே ஒலி இரண்டு முறை வந்தால் நாக்கு சலித்து ஒன்றை மாற்றிவிடும், அல்லது விட்டுவிடும். ராணுவப் பதவியை ஆங்கிலத்தில் 'கொலொனெல்' என்று எழுதிவிட்டு 'கர்னல்' என்று சொல்கிறோமே, அங்கேயும் நடந்தது இதுதான்: இரண்டு லகரங்களில் ஒன்று ரகரமானது. பழைய ஆங்கிலத்தில் விரைந்தோடுகிற என்ற பொருளில் 'ஃப்ளுகோல்' என்ற சொல் இருப்பதும் இந்தக் கட்சிக்குப் பலம். எதிர்க்கட்சியோ லித்துவேனிய மொழியில் பறவைக்கு உள்ள 'பௌக்ஷ்டிஸ்' என்ற சொல்லைக் காட்டி, வேர் வேறு என்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. என் மனம் லகரம் விழுந்த கதையின் பக்கம்தான் சாய்கிறது. அழகான கதை என்பதற்காகவே அதைக் கொஞ்சம் சந்தேகிக்கவும் வேண்டும்.

ஆங்கிலத்தில் நடந்ததுதான் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பறவைக்கும் பொதுப்பெயர் 'ஃபுகோல்'. 'பிரிட்' என்றால் குஞ்சு மட்டும். அந்தக் குஞ்சுச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மற்ற ஜெர்மானிய மொழிகளில் அதற்கு உறவே இல்லை. அப்புறம் ரகரம் இடம் மாறி 'பேர்ட்' ஆனது, வளர்ந்தது, வானத்தையே பிடித்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் பாட்டில் வரும் குருவிகள் இன்னும் ஃபவுல்கள்தான். இன்றைக்கு ஃபவுல் என்றால் முக்கியமாகக் கோழி. இல்லாவிட்டால் வாத்து போன்ற, மனிதர் வேட்டையாடும் பறவைகள். புதிய ஆங்கில வேதாகமங்களும் வசனத்தில் 'பேர்ட்' என்று மாற்றிவிட்டன. பழைய பொருள் ஊர்ப்பெயர்களில் ஒளிந்திருக்கிறது. எசெக்ஸ் கடலோரத்தில் ஃபவுல்னஸ் என்று ஒரு தீவு. எழுத்தைப் பார்த்தால் அழுக்கு என்று தோன்றும். உண்மையில் அது பறவைகளின் நிலமுனை.

ஜெர்மனியில் ஃபோகல் பதவி இழக்கவில்லை, மனிதன் தலைக்குள்ளும் புகுந்துவிட்டது. 'அவனிடம் ஒரு பறவை இருக்கிறது' என்றால் மூளை கலங்கியவன் என்று அர்த்தம். அதையே வாயால் சொல்லாமல் நெற்றியில் விரலைத் தட்டிக் காட்டுவதற்குப் பெயர் 'பறவை காட்டுதல்'. சாலையில் அடுத்த வண்டிக்காரரிடம் காட்டினால் அவமதிப்பு வழக்கு, அபராதம் வரை போகலாம்.

இன்னொரு சொல் 'ஃபோகல்ஃப்ரை'. சொல்லுக்குச் சொல் பார்த்தால், பறவையைப் போலச் சுதந்திரமானவன். முதலில் அந்தப் பொருள்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து அது சட்டத்தின் பாதுகாப்பு பறிக்கப்பட்டவனைக் குறிக்கத் தொடங்கியது. அவனை யாரும் கொல்லலாம், யாரும் புதைக்க வேண்டியதில்லை; உடல் பறவைகளுக்கு விடப்பட்டது.