தேயிலைத் தூரில் தோண்டிய பிள்ளை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, இந்த மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

மரபுக் கதைகளின் வகையைக் கண்டுபிடிக்கச் சிறுவர்க்குப் படிப்பிப்பது கதைச்சுவையைக் கூட்டுமா, குறைக்குமா? கூட்டும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். “பிள்ளை கேட்கிறது தேத்தண்ணி, இவங்க நீட்டுறது சல்லடை. பிஓபி, டஸ்ட்னு தேயிலைத் தூளைத் தரம் தரமாப் பிரிக்கிற மாதிரி கதையையும் பிரிக்கப் பார்க்கிறாங்க” என்றார். மண்டபமே கைதட்டியது. அண்ணே, எங்கம்மா ஸ்டோர்ல, அதான் தேயிலைத் தொழிற்சாலையில, தூள் சலிச்சவங்க. அந்தி வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் தேயிலைத் தூசி படிந்திருக்கும். அந்தக் கையால் ஆற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்து வளர்ந்தவள் நான். ஒரே கொழுந்து, ஒரே மலை, ஒரே ஸ்டோர். பிறகு ஏன் பிரிக்கிறார்கள்? டஸ்ட் என்றால் கொதிதண்ணி பட்டதுமே சாயம் இறங்கிவிடும். பெரிய இலை அப்படி இல்லை, மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். இன்ன தூள் என்று தெரியாமல் ஊற்றினால் ஒன்று கசக்கும், மற்றது வெறும் சுடுதண்ணியாக இருக்கும். நாக்குக்கு ருசி வரத்தானே அண்ணே அந்தச் சல்லடை!

கதைக்கு வருகிறேன். குரங்கும் முதலையும் கதை எல்லாருக்கும் தெரியும். “என் இதயத்தை மரத்திலேயே விட்டுட்டு வந்துட்டேன்” என்று குரங்கு தப்பிக்குமே, அதுதான். பஞ்சதந்திரத்தில் அது நீதிக்கதை. பக்கத்து விகாரைக்குப் போகும் சிங்களப் பிள்ளைக்கோ அது ஜாதகக் கதை, புத்தரின் முற்பிறவிக் கதை. அங்கே அந்தக் குரங்கு போதிசத்துவர். இந்த வித்தியாசத்தைச் சொன்ன அன்று என் தரம் 4 பிள்ளைகள் அதே கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். சுவை குறைந்திருந்தால் கேட்டிருப்பார்களா?

நுவரெலியா பக்கத்தில் சீத்தா எலிய ஓடைப் பாறையில் இருக்கும் பள்ளங்களை அனுமாரின் பாதம் என்கிறோம். சிவனொளிபாதமலையில் ஒரே சுவட்டைச் சைவர் சிவன் பாதம் என்றும், பௌத்தர் புத்தர் பாதம் என்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் பாதம் என்றும் சொல்கிறார்கள். கதை சொல்லும்போதே “இந்தா, இந்தப் பாறைதான்” என்று கை நீண்டால் அது ஐதிகம். பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது என் தம்பி கதை. அவனுக்கு அப்போது 7 வயது. ஒரு நாள் அந்தியில் ஆளைக் காணோம். தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கத் தேடினோம். தண்ணீர்ப் பீலிக்கரையில் இல்லை, மாரியம்மன் கோயிலில் இல்லை. கடைசியில் வாட்சர் ஐயா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். பையன் கையில் பழைய சோற்றுக் கரண்டி. மூன்று தேயிலைத் தூரைத் தோண்டி வேரை வெளியே விட்டிருக்கிறான்! கங்காணி வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார், லயமே கூடிவிட்டது.

“என்னடா தேடுன?”

“மாசி.”

“என்னது?”

“மாசிக் கருவாடு ஐயா. தேங்காயும் இருக்கும். அப்பாயிதான் சொன்னாங்க.”

கங்காணி சிரித்தார். கணக்கப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாட்சர் ஐயா பிடித்திருந்த காதை விட்டுவிட்டுச் சிரித்தார். “தேங்காய் எத்தனை முழத்துலடா கிடைக்கும்?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இவன் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான்.

அப்பாயி மட்டும் சிரிக்கவில்லை.

வெந்நீர் வைத்து, அவன் நகக்கண்ணில் இருந்த மண்ணை ஒவ்வொன்றாகக் கழுவினார். “சாமி, அது கதை இல்லடா. கண்டிச் சீமையில தேயிலைத் தூருல தேங்காயும் மாசியும் கிடைக்கும்னு, தோட்டத்துக்கு ஆள் கட்ட வந்தவன் சொன்ன பொய்யி. அதை நெசம்னு நம்பித்தான் நம்ம ஆளுக இந்தியாவுல இருந்து இலங்கைக்கு வந்தாங்க.” மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களையும், வழியிலேயே செத்தவர்களையும் அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னார்.

தம்பி கேட்டான்: “அப்ப ராஜா கதை?”

“அது கதை. ‘ஒரு ஊருல’ன்னு தொடங்குவேன்.”

“அனுமார்?”

“அது சாமி கதை. கால் கழுவிட்டு வந்து உக்காரணும்.”

“இது?”

“இதுக்கு ‘எங்க அப்பாயி காலத்துல’ன்னு தொடங்குவேன். அப்ப நீ சிரிக்கக்கூடாது.”

எழுத்து வாசனையே இல்லாத கிழவி நடுவர் அவர்களே, கைரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவர். என் பாட்டனுக்கும் பூட்டனுக்கும், இது எந்த வகைக் கதை என்று சொல்லிக்கொடுக்க அன்றைக்கு அப்படி ஒருத்தி இருந்திருந்தால்!

அப்பாயி இப்போது இல்லை. போன மாதம் தம்பி தன் மகளை மடியில் வைத்து, “அனுமார் ஒரே தாவா தாவினாரு...” என்று தொடங்கினான். அவள் கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

“இருங்கப்பா, கால் கழுவிட்டு வாறேன்.”

நன்றி, வணக்கம்.